ரோடு வந்தது, ஓடை எங்கே போனது?



2023 டிசம்பர் 18, திங்கட்கிழமை. முந்தின நாள் பிடித்த மழை விட்டபாடில்லை. அன்றைக்குத் தெற்கே நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அரித்துக்கொண்டு போக, செந்தூர் எக்ஸ்பிரஸில் வந்த ஏறத்தாழ 800 பேர் நடுவழியில் மாட்டிக்கொண்டார்கள். எங்கள் சங்கரன்கோவில் பக்கம் அந்த அளவுக்குப் பேயாட்டம் இல்லை. ஆனால் என் எலுமிச்சைத் தோட்டத்தில் முழங்கால் தண்ணீர் நின்றது. ஒரு நாள் இல்லை, நாலு நாள்.

ஊரிலிருந்து தென்மேற்கே எட்டு கிலோமீட்டரில் இருக்கிறது என் ஆறு ஏக்கர். செவல் மண். ரோட்டுக்கு மேற்கே என் நிலம், ரோட்டுக்குக் கிழக்கே எங்கள் குளம். மேற்கே மலையிலிருந்து கிழக்கே சரிவது எங்கள் பூமி. மழை பெய்தால் தண்ணீர் ஓடை வழியாக வந்து, ரோட்டுக்கு அடியில் இருந்த கல்பாலத்தில் நுழைந்து குளத்துக்குப் போகும். அந்தக் கல்பாலத்துக்கு இரண்டு கண். ரோட்டைப் புதுப்பித்தபோது அதைப் பிடுங்கிவிட்டு ஒரே ஒரு சிமெண்டுக் குழாயைப் போட்டுப் போய்விட்டார்கள். ரோடோ தார்மேல் தார் போட்டு ஒரு முழம் உயர்ந்துவிட்டது. அன்றைக்கு அது ரோடாக இல்லை, கரையாக நின்றது. மேற்கே என் மரங்கள் தண்ணீரில் அழுகின. கிழக்கே குளம் பாதிகூட நிறையவில்லை. 72 எலுமிச்சையில் 26 மரம் பங்குனிக்குள் பட்டுப்போயின. ஜீவாமிர்தம் ஊற்றி, மூடாக்குப் போட்டு, ஆறு வருஷம் பிள்ளை மாதிரி வளர்த்த மரங்கள்.

ஐந்தாம் நாள், குடையைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் நின்று யாரையெல்லாமோ திட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தோட்டத்து அண்ணாச்சி வந்தார். எழுபத்தெட்டு வயது. கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த சம்சாரி. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"மேனேஜர் சார், ரோட்டுக்காரன் செஞ்சது தப்புத்தான். அதுக்காக மொதல்ல உங்க வேலிய அளந்து பாக்காம மனு எழுதிராதீங்க."

அந்த ஒரு வார்த்தைதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

பாரத்தில் இல்லாத கட்டம்

முப்பத்து நாலு வருஷம் ஒரு அரசுடைமை வங்கியில் வேலை பார்த்தேன். அதில் பாதிக்கு மேல் ஃபீல்டு ஆபீசர் வேலை. கிணறு வெட்ட, மோட்டார் வைக்க, டிராக்டர் வாங்க என்று கடன் கேட்டு வருகிறவர்களின் நிலத்தைப் போய்ப் பார்த்து மதிப்புப் போடுவது என் பாடு. அந்தப் பாரத்தில் ஒரு கட்டம் உண்டு: ‘ரோட்டிலிருந்து எவ்வளவு தூரம்?’ ரோட்டடி நிலம் என்றால் மதிப்பு கூடும். உள்ளே இருந்தால் குறையும். பாதையே இல்லாத நிலம் என்றால், "பாத்துக்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிடுவோம். ‘ஓடை எந்தப் பக்கம்? தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது?’ என்று கேட்கிற கட்டம் அந்தப் பாரத்தில் கிடையாது. நானும் ஒருநாளும் கேட்டதில்லை.

பேனாவால் நான் போட்ட மதிப்பு என்ன செய்தது என்று இப்போது தெரிகிறது. ரோட்டடி நிலத்துக்கு மதிப்பு ஏற ஏற, அங்கே முதலில் மஞ்சள் கல் முளைத்தது. மனை ஆனது. மனைக்கு மண் அடித்தார்கள். மண் அடித்ததில் வரத்துக்கால் மூடியது. நான் நேரடியாக ஒரு ஓடையையும் மூடவில்லை. ஆனால் மூடினால் லாபம் என்கிற கணக்கை ஊருக்குச் சொல்லிக்கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.

நடந்தே உண்டான ஊர்

ரோடு என்றால் தார் என்று நினைக்கிற காலம் இது. எங்கள் ஊருக்குத் தார் வருவதற்குப் பல நூறு வருஷங்களுக்கு முன்பே ரோடு உண்டு. பழைய பத்திரங்களில் சங்கரநயினார்கோவில் என்று எழுதியிருப்பார்களே, அந்த ஊருக்கு ஜனங்கள் நாலு திசையிலிருந்தும் நடந்தும் வண்டி கட்டியும் வந்து உண்டாக்கிய பாதைகள் அவை.

பாண்டிநாட்டுப் பஞ்சபூதத் தலங்கள் என்று ஐந்து கோயில்களைச் சொல்லுவார்கள். சங்கரன்கோவில் மண், கரிவலம்வந்தநல்லூர் நெருப்பு, தாருகாபுரம் நீர், தென்மலை காற்று, தேவதானம் ஆகாயம். சிவராத்திரிக்கு இந்த ஐந்தையும் சுற்றி வருகிற வழக்கம் இன்றைக்கும் உண்டு. இப்போது வேனில் போகிறார்கள். முன்பு நடந்தார்கள். ஐந்து ஊரையும் ஒரு கோடாக இழுத்துப் பாருங்கள், ஊருக்கு வடக்கேயும் வடமேற்கேயும் உள்ள பழைய பாதைகளின் படம் கிடைத்துவிடும்.

கிழக்கே போனால் இருபது கிலோமீட்டரில் கழுகுமலை. வெட்டுவான் கோயிலும் சமணச் சிற்பங்களும் இருக்கிற மலை. பாண்டியர் காலத்திலேயே அங்கே ஆட்கள் போக வர இருந்திருக்கிறார்கள் என்பதற்குப் பாறையில் இருக்கிற வட்டெழுத்தே சாட்சி. ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்துப் போனபோது, வழிநெடுகப் பாடுவதற்காகக் கரிவலம் பக்கத்துச் சென்னிகுளத்துக்காரர் அண்ணாமலை ரெட்டியார் பாடியதுதான் காவடிச் சிந்து. தமிழிசைக்கு இந்த வட்டாரம் கொடுத்த பெரிய சொத்து, ரோட்டில் நடக்கிற காலுக்காகப் பிறந்தது.

தென்மேற்கே ரயிலில் போனால் ‘பாம்புக்கோவில் சந்தை’ என்று ஒரு ஸ்டேஷன் வரும். ஸ்டேஷன் பெயரிலேயே சந்தை இருக்கிறது என்றால் அந்தச் சந்தைக்கு எத்தனை ஊர் மாடு வந்திருக்க வேண்டும்! மாடு நடந்து வந்த பாதையெல்லாம் மந்தைப் புறம்போக்கு, வண்டிப்பாதைப் புறம்போக்கு என்று பழைய கணக்கில் இருக்கிறது. மாடும் இல்லை, பாதையும் இல்லை, பெயர்ப்பலகை மட்டும் மிச்சம்.

ஆடித்தவசுக்கு வந்திருக்கிறீர்களா? கோமதி அம்மன் தவசுக் காட்சி அன்றைக்குக் கரிசல் சம்சாரிகள் தங்கள் காட்டில் விளைந்த பருத்தி, மிளகாய் வத்தல், கம்பு, சோளம் என்று கொண்டுவந்து அம்மன் சப்பரத்தை நோக்கிச் சூறை விடுவார்கள். என் சின்ன வயசில் அதற்கு முந்தின ராத்திரி ரோடு முழுக்கக் கூண்டு வண்டி. வண்டிக்கு அடியில் அரிக்கன் விளக்கு ஆடிக்கொண்டே போகும். கோயிலில் பிரசாதம் புற்றுமண். மண்ணைப் பிரசாதமாக வாங்கி நெற்றியில் பூசுகிற ஊர் இது. அந்த மண்ணை எந்தப் பூச்சிக்கொல்லியும் போட்டு யாரும் பதப்படுத்தவில்லை, கரையான் பதப்படுத்தியது. இயற்கை விவசாயிக்கு இதைவிட வேறு என்ன பாடம் வேண்டும்?

ரோடு எல்லாருக்கும் நல்லதா இருந்ததா?

பழசு எல்லாம் பொன் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அது பொய்.

ரோடு என்பது எப்போதும் அதிகாரம். நெற்கட்டும்செவல் பூலித்தேவர் மேல் 1755-ல் கம்பெனிப் படையோடு வந்த கர்னல் ஹெரான், கோட்டையை உடைக்கிற பெரிய பீரங்கி இல்லாமல் திரும்பிப் போனார். மண்கோட்டையும், சுற்றி முள்காடும், பீரங்கி வண்டி சுலபமாக உருள முடியாத பூமியும் சேர்ந்து பாளையத்தைக் காத்தன. 1761-ல் யூசுப்கான் கையில் நெற்கட்டும்செவல் விழுந்தது. பூலித்தேவர் சங்கரன்கோவில் கோயிலுக்குள் போய் மறைந்தார் என்று ஊரில் இன்றைக்கும் சொல்கிறார்கள். பீரங்கி போகிற வழி யார் கையில் இருந்ததோ, நாடும் அவர்கள் கைக்குப் போயிற்று.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. எல்லாப் பாதையும் எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. 1895-ல் கழுகுமலையில் தேரோடும் வீதியில் யார் ஊர்வலம் போகலாம் என்ற தகராறு கலவரமாகி உயிர்கள் போயின. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டிய தெருக்களை என் அப்பா காலத்தில் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பஸ் வந்தபிறகுதான் ஒரே சீட்டில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டி வந்தது. அந்த வகையில் தார் ரோடு செய்த நன்மையை எந்தக் கூண்டு வண்டியும் செய்யவில்லை.

எங்கள் ஊருக்கு ரயில் வந்தது 1927-ல், விருதுநகர்–தென்காசிப் பாதை போட்டபோது. அதற்கு முன்பு ரயில் ஏற வேண்டுமென்றால் கிழக்கே கோவில்பட்டி, இல்லையென்றால் தென்காசி. எப்படிப் போனாலும் இருபத்தைந்து மைல் வண்டிப் பயணம். பருத்தி மூட்டையும் வத்தல் மூட்டையும் அப்படித்தான் போயின. என் அம்மாவைத் தலைப்பிரசவத்தின்போது ராத்திரி முழுக்க வண்டியில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன கதையை என் பாட்டி சாகிறவரை சொல்லிக்கொண்டிருந்தாள். ஆகையினால் ரோடே வேண்டாம் என்று நான் சொன்னால் என் பாட்டி ஆவியாக வந்து அடிப்பாள்.

திருநெல்வேலியில் தாமிரபரணிப் பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கலெக்டர் ஆபீசில் வேலை பார்த்த சுலோசன முதலியார் தன் சொந்தப் பணத்தைப் போட்டு 1843-ல் கட்டி முடித்தது. எத்தனை வெள்ளம் பார்த்துவிட்டது! 180 வருஷமாக நிற்கிறது. ஆற்றுக்கு எவ்வளவு வழி வேண்டுமோ அவ்வளவு வழி விட்டுக் கட்டியிருக்கிறார்கள். எங்கள் ஓடைக்கு இந்தக் காலத்தில், இத்தனை மிஷின் வைத்துக்கொண்டு, ஒரு குழாய்தான் கிடைத்தது.

என் வாதம் இவ்வளவுதான்: ரோடு போடுங்கள். தண்ணீர் குறுக்கே போகிற இடமெல்லாம் அதற்கு முழு வழி விட்டுப் போடுங்கள். காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா, கிராமத்துக்குப் போடுகிற ரோடு மாட்டு வண்டிக்காரனுக்கா, மோட்டார்க்காரனுக்கா என்று கேட்டவர். நான் அதோடு ஒரு கேள்வி சேர்க்கிறேன்: குளத்துக்கு என்ன வழி?

மேற்கே நஞ்சை, கிழக்கே புஞ்சை

இந்தக் கேள்வி சின்னக் குழாயோடு முடிகிற கேள்வி இல்லை. திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம், சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லம் போகிற தேசிய நெடுஞ்சாலை 744-ஐ (பழைய எண் 208) நால்வழிச் சாலையாக்கும் வேலை உங்களுக்குத் தெரியும். ராஜபாளையத்துக்குத் தெற்கே அது நஞ்சை வயல்களையும் தென்னந்தோப்புகளையும் குளங்களையும் கிணறுகளையும் அறுத்துக்கொண்டு போகும் என்று அந்தப் பகுதி விவசாயிகள் பல வருஷமாக எதிர்த்துவருகிறார்கள். நியாயம். மலையடிவாரத்தில் இருக்கிற அந்தக் குளங்கள் ஒன்றுக்கொன்று சங்கிலி. மேல்குளத்து மறுகால் கீழ்குளத்துக்கு வரத்து. குறுக்கே பத்தடி உயரத்துக்கு ஒரு மண்கரை எழுப்பினால் அந்தச் சங்கிலி எத்தனை இடத்தில் அறும் என்று எண்ணிப் பார்க்க இஞ்சினியர் படிப்புத் தேவையில்லை.

ஆனால் அந்தப் போராட்டத்தில் ஒரு குரல் எனக்கு உறுத்துகிறது. "நஞ்சையை விடுங்க, கிழக்கே புஞ்சை வழியாக் கொண்டுபோங்க" என்பது. கிழக்கே என்றால் யார்? நாங்கள்தானே! வானம் பார்த்த பூமி என்றால் யாரும் கேட்பாரில்லாத பூமி என்று அர்த்தமா? கம்பும் உளுந்தும் பாசியும் பருத்தியும் விளைகிற காடு அது. எங்கள் குளங்களுக்கு வருகிற தண்ணீரும் அதே மலைப்பக்கத்திலிருந்து ஓடிவருகிற தண்ணீர்தான். மேற்கே அடைத்தாலும் எங்களுக்குச் சாவு, கிழக்கே அடைத்தாலும் எங்களுக்குச் சாவு. நஞ்சைக்காரரும் புஞ்சைக்காரரும் தனித்தனியாக மனுக் கொடுத்தால், "அவங்க அங்க போகச் சொல்றாங்க, நீங்க இங்க போகச் சொல்றீங்க" என்று இரண்டு மனுவையும் ஒரே ஃபைலில் கட்டிவைத்துவிடுவார்கள்.

இயக்கத்துக்கு என் யோசனை: ‘யார் நிலம்’ என்ற கேள்வியை இரண்டாவதாக வையுங்கள். ‘இருக்கிற ரோட்டையே அகலப்படுத்த முடியாத இடம் எது? எத்தனை ஓடை, எத்தனை வரத்துக்கால் குறுக்கே வருகிறது? ஒவ்வொன்றுக்கும் எத்தனை மீட்டர் திறப்பு?’ என்பதை முதல் கேள்வியாக வையுங்கள். குளம் குளமாகப் பட்டியல் போடுங்கள். இரண்டு பக்கத்துச் சம்சாரியும் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள். தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் 1956-ன் கீழ் 3-ஏ அறிவிப்பு வந்தால் ஆட்சேபணை சொல்ல 21 நாள்தான் அவகாசம். அந்த 21 நாளில் உட்கார்ந்து பட்டியல் தயார் பண்ண முடியாது. இப்போதே கையில் இருக்க வேண்டும்.

மரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ராஜபாளையம் ரோட்டிலும் திருநெல்வேலி ரோட்டிலும் நான் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் இரண்டு பக்கமும் புளியமரம் கை கோத்து நிற்கும். வருஷா வருஷம் புளி ஏலம் போகும். கூடவே சுமைதாங்கிக்கல். வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போன பெண்ணின் பேரில், வழிப்போக்கன் சுமையை இறக்கிவைக்க ஒரு கல். அகலப்படுத்தும்போது மரம் விறகாகப் போயிற்று, கல் ஜல்லியோடு சேர்ந்து போயிற்று. ஒன்று வெட்டினால் பத்து நட வேண்டும் என்கிறார்கள். நட்ட பத்தில் எத்தனை, அடுத்த சித்திரையைப் பார்க்கிறது என்று யார் எண்ணுகிறார்கள்?

என் வேலி

இப்போது அண்ணாச்சி சொன்ன விஷயத்துக்கு வருகிறேன்.

தமிழ்நிலம் இணையத்தளத்தில் என் புல எண்ணுக்கான புலப்படத்தை எடுத்தேன். பட்டா, அ-பதிவேட்டு விவரமும் அங்கேயே கிடைக்கிறது. கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடத்தையும் பார்த்தேன். ஓடைக்குத் தனிப் புல எண் இருந்தது: ‘ஓடை புறம்போக்கு’. பழைய படத்தில் அகலம் 30 லிங்க்ஸ் என்று போட்டிருந்தது. 100 லிங்க்ஸ் என்றால் 66 அடி. அப்படியானால் ஓடை சுமார் 20 அடி. தரையில் போய் டேப் பிடித்தால் பதினொரு அடிகூடத் தேறவில்லை.

மீதி ஒன்பது அடி எங்கே? எதிர்ப்பக்கத்துக்காரர் மூன்றடி. என் பக்கம் ஆறடி. நான் வாங்கும்போதே வேலி அங்கேதான் இருந்தது. நான் அந்த வேலியில் கிளுவையும் ஆடாதொடையும் நட்டு, ‘உயிர்வேலி’ என்று போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறேன்! அந்த உயிர்வேலி நின்றது ஓடையின் மார்பில்.

ரெண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரியிடம் மட்டும் சொன்னேன். "பேங்க்ல இருக்கும்போது அடுத்தவங்க பத்திரத்த வரிக்கு வரி பாத்தீங்களே" என்றாள். அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியிருக்கவில்லை.

வேலியை எடுத்தேன். இரண்டு ஆள், மூன்று நாள் கூலி. ஆறு வருஷத்துக் கிளுவையை வெட்டும்போது மனசு கஷ்டப்பட்டது. வெட்டின கம்புகளையே உள்ளே தள்ளி நட்டேன், பாதிக்கு மேல் துளிர்த்துவிட்டன. எதிர்ப்பக்கத்துக்காரர் பத்து நாள் பார்த்துக்கொண்டிருந்தார். பதினோராம் நாள் அவராகவே கல்லைப் பிடுங்கினார். நான் போய்க் கேட்கவில்லை.

அதற்குப் பிறகுதான் மனு எழுதினேன். நான் மட்டும் இல்லை, குளத்துப் பாசனக்காரர்கள் 31 பேர் கையெழுத்து. புலப்படத்தின் நகல், அளந்த கணக்கு, வெள்ளம் நின்ற போட்டோ எல்லாம் சேர்த்து. கிராம சபையில் வைத்துத் தீர்மானம் போட்டோம். அளக்க வந்த அலுவலர் முதலில் கேட்டது, "ஆக்கிரமிப்பு ஏதும் இருக்கா?" என்றுதான். "இருந்தது, எடுத்தாச்சு" என்று அண்ணாச்சி முந்திக்கொண்டு சொன்னார். என் பெயரைச் சொல்லவில்லை, பெரிய மனுஷன்.

முடிவு? முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். கூடுதலாக இரண்டு குழாய் போட்டிருக்கிறார்கள். நாங்கள் கேட்ட பெட்டிப்பாலம் இன்னும் வரவில்லை. ஆனால் போன ஐப்பசி, கார்த்திகையில் என் தோட்டத்தில் தண்ணீர் ஒரு ராத்திரிக்கு மேல் நிற்கவில்லை. குளம் மறுகால் பாயவில்லை என்றாலும் மடைக்கு மேல் மூன்றடி நின்றது. கிணற்றுத் தண்ணீர் சித்திரை வரை தாங்கியது.

நாம் செய்ய வேண்டியது

படிக்கிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஐந்து காரியம்.

முதலாவது, உங்கள் நிலத்தின் புலப்படத்தையும் உங்கள் ஊர் வரைபடத்தையும் இந்த மாசமே எடுங்கள். 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்கு முந்தின பழைய படம் கிடைத்தால் அதையும் பாருங்கள். பழையதற்கும் புதியதற்கும் ஓடை, வண்டிப்பாதை அகலம் மாறியிருக்கிறதா என்று ஒத்துப் பாருங்கள்.

இரண்டாவது, முதலில் உங்கள் வேலியை அளங்கள். மண்ணுக்கு விஷம் போடாத நாம், ஓடையை அடைத்து வைத்திருந்தால் நம் விவசாயத்துக்கு என்ன பெயர்?

மூன்றாவது, ஊரில் எங்கே ரோடு வேலை நடந்தாலும் ஜல்லி இறங்குகிற அன்றைக்கே போய் நில்லுங்கள். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுத்தார் போட வேண்டும், ரோட்டின் மட்டம் உயரக் கூடாது என்று 2021-லேயே அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு உத்தரவு போட்டிருக்கிறார். வேலை செய்கிறவர்களிடம் சண்டை போடாமல் அந்த உத்தரவைக் காட்டிக் கேளுங்கள். பாலத்தைப் பிடுங்கினால், ‘எத்தனை கண் இருந்தது, எத்தனை கண் வைக்கிறீர்கள்’ என்று கேட்டு எழுதி வாங்குங்கள். தார் காய்ந்தபிறகு கேட்டால் ஐந்து வருஷம் ஆகும்.

நான்காவது, கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு நாள் இருக்கிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். அன்றைக்கு உங்கள் ஊர் வரத்துக்கால்களின் பட்டியலைத் தீர்மானமாகப் போடுங்கள். 2007-ஆம் வருஷத்துக் குளங்கள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டமும், பொது நிலத்தை மீட்கச் சொன்ன 2011-ஆம் வருஷத்து உச்ச நீதிமன்றத்தின் ஜக்பால் சிங் தீர்ப்பும் நமக்குத் துணை.

ஐந்தாவது, ஊரில் இருக்கிற எண்பது வயசுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு ஒருநாள் நடங்கள். நம்மாழ்வார் ஐயா நமக்குச் சொல்லிக்கொடுத்ததே நடந்து போய் ஊரைத் தெரிந்துகொள்வதுதானே. எந்தப் பாதையில் சந்தைக்கு மாடு போனது, எங்கே சுமைதாங்கிக்கல் இருந்தது, எந்த இடத்தில் தண்ணீர் ரோட்டைத் தாண்டும் என்று அவர்கள் கை காட்டுவார்கள். அதை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதுங்கள். அரசாங்கப் பதிவேட்டில் இல்லாதது அவர்கள் நினைவில் இருக்கும், அவர்கள் போனால் அதுவும் போய்விடும்.

2019 நவம்பர் 22-லிருந்து எங்கள் ஊர் தென்காசி மாவட்டம். மாவட்டம் புதிது என்பதால் ரோடுகளும் புதிது புதிதாக வரும். வரட்டும். நான் அண்ணாச்சியைக் கூட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்திருக்கிறேன். இதுவரை எங்கள் குளத்துக்கு வருகிற ஏழு கால்களில் நாலைக் கண்டுபிடித்திருக்கிறோம். ஐந்தாவது ஒரு கல்யாண மண்டபத்து வாகன நிறுத்தத்துக்கு அடியில் கிடக்கிறது. அதைப் பற்றி அடுத்த கிராம சபையில் பேச வேண்டும். அண்ணாச்சிக்கு முட்டுவலி, அதனால் மெதுவாகத்தான் போகிறோம்.